பச்சை அளவு

நாய் மிதித்த மண்ணைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் நான் மோல்டு, அதாவது அச்சு, செய்கிறவனாக இருந்த காலம் அது. எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கியிருந்தன. ஃப்யூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை என்று ஆர்டர் எதுவோ அதைச் செய்வோம். வெள்ளை மண்ணை அரைத்து, வடிகட்டி, தோசைக்கல் அகலத்துக்குத் தட்டி, களத்தில் உலர வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். காலையில் வந்தால் அதன்மேல் ஏதாவது நடந்து போயிருக்கும். மிதிபட்ட மண்ணை மறுபடி கரைக்க வேண்டும். அரை நாள் வேலை போய்விடும்.

அப்படி ஒரு தை மாதக் காலையில் நான் தெருநாய்களின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள் குனிந்து அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அச்சிலிருந்து எடுத்த ஈரச் சாமானின் ஓரத்தில் துருத்தி நிற்கும் பிசிறைக் கத்தியால் சீவி எடுப்பது அவர் வேலை. மயிரிழைப் பிசிறும் அவர் கண்ணுக்குத் தப்பாது. எங்களுக்கெல்லாம் அவர் கம்மாபுரத்தம்மா. அவருக்கு நான் மோல்டுக்காரர்.

“நாயிய ஏன் திட்டுறீங்க மோல்டுக்காரரே? நாயிக்கு நாலு வெரலு. இதுல அஞ்சு இருக்குது.”

குனிந்து பார்த்தேன். ஐந்துதான். விசிறி மாதிரி விரிந்த ஐந்து விரல், ஒவ்வொன்றின் நுனியிலும் நகத்தின் புள்ளி. விரல்களுக்கு நடுவே தோலை இழுத்துக் கட்டினதுபோல மெல்லிய அழுத்தம். பத்து வருஷமாக மண்ணில் கைவைத்து வருகிறேன், இப்படியொரு சுத்தமான பதிவை நான் எடுத்ததில்லை. வாயில் இருந்த திட்டு அப்படியே நின்றுவிட்டது.

களத்துக்குப் பின்னால் ஒரு பள்ளம் உண்டு. கம்பெனி தொடங்குவதற்கு முன்னால் யாரோ மண்ணெடுத்த பள்ளம். மழைத் தண்ணீர் நின்று நின்று, கோரை முளைத்து, குட்டையாகிவிட்டது. அதன் தெற்கு மூலையிலிருந்து ஒரு வாய்க்கால் முள்காட்டுக்குள் புகுந்து மணிமுத்தாற்றுக்குப் போகும். கைகால் கழுவவும், சூளையில் வெடித்த சாமான்களைக் கொட்டவும் தவிர நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை. தடம் அந்தக் குட்டையிலிருந்து ஏறி வந்து, எங்கள் மண்ணில் ஒரு வட்டம் போட்டு, மறுபடி குட்டைக்கே இறங்கியிருந்தது.

இதை யாரிடம் கேட்பது என்ற கவலை எனக்கு இல்லை. கேட்க ஒருவர் இருந்தார். நான் முகம் பார்த்திராத ஒருவர்.

அதற்கு ஒரு வருஷம் முன்பு, செய்தித்தாளின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் நாலு வரி அறிவிப்பு ஒன்று வந்திருந்தது. கடற்கரைப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்யும் விஞ்ஞானி ஒருவர், உங்கள் ஊர் நீர்நிலைகளில் நீங்கள் காணும் உயிர்களைப் பற்றி அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். கடைசி வரி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ‘பார்த்ததை மட்டும் எழுதுங்கள், நினைத்ததை எழுத வேண்டாம்.’

என்னுடையது எழுதிப் பழகிய கை. தெருவிளக்கு எரியவில்லை, ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வரவில்லை, பஸ் நிற்காமல் போகிறது என்று வாரத்துக்கொரு புகார் போடுவேன். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. சரி, இவருக்கும் ஒன்று போட்டு வைப்போம் என்று, ‘எங்கள் குட்டையில் நீலப் பறவை ஒன்று மீன் பிடிக்கிறது’ என்று எழுதினேன். எட்டாம் நாள் பதில் வந்தது. பறவையின் தொண்டை வெள்ளையா, பழுப்பா? அலகின் நிறம் என்ன? தண்ணீருக்குள் பாய்ந்ததா, தரையில் பூச்சியும் பிடித்ததா?

அந்தக் கார்டை மூன்று தடவை படித்தேன். என் வாழ்நாளில் யாரும் என்னிடம் அவ்வளவு அக்கறையாக ஒரு கேள்வி கேட்டதில்லை. மறுநாள் வேலைக்கு மணி அடிப்பதற்கு முன்பே போய்க் கரையில் உட்கார்ந்தேன். தொண்டை வெள்ளை, வயிறு பழுப்பு, அலகு நல்ல சிவப்பு. பாய்ந்தபோது முதுகில் ஒரு நீலம் வந்தது பாருங்கள், எங்கள் கம்பெனியில் ஜாடிக்குப் பளபளப்பேற்ற எத்தனையோ விதமாகக் கிளேஸ் கலந்திருக்கிறோம், அந்த நீலம் யாருக்கும் வந்ததில்லை. வருஷக்கணக்காகத் தினமும் கண்ணில் பட்ட பறவை அது. அன்றைக்குத்தான் நான் அதைப் பார்த்தேன்.

வந்த கார்டுகளையெல்லாம் தொகுத்து, ஸ்டென்சிலில் உருட்டிய நாலு பக்கத் தாள் ஒன்றை அவர் மூன்று மாதத்துக்கொரு முறை எல்லோருக்கும் அனுப்புவார். ஏரிக்கரையில் இருக்கும் வாத்தியார், உப்பளத்தில் வேலை செய்யும் பெண், ரயில்வே கேட் காவலாளி என்று யார் யாரோ எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு நடுவே ‘விருத்தாசலம், மண்ணெடுத்த பள்ளம்’ என்று அச்சில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாங்கள் உடைசல் கொட்டுகிற பள்ளத்துக்கு ஒரு பேரும் இடமும் வந்துவிட்டது. தாளைக் கொண்டுபோய்த் தொழிற்பேட்டை முனையிலிருந்த டீக்கடைச் சுவரில் ஒட்டினேன். டீ குடிக்க வந்தவர்களில் பாதிப் பேர் படித்தார்கள். மீதிப் பேர், படித்தவர்களிடம் கேட்டுக்கொண்டார்கள்.

இனி அந்த ஐந்து விரலுக்கு வருகிறேன். படம் போட்டு அனுப்பலாமென்று பார்த்தேன், பலாச்சுளை மாதிரி வந்தது. அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை உதித்தது. எங்கள் ஊரில் ஒன்று நிலைக்க வேண்டுமென்றால் அதைச் சுடுவோம். பிறந்த குழந்தையின் காலடிப் பதிவானாலும் சரி, கல்யாணத் தட்டில் எழுதின பெண் மாப்பிள்ளை பேரானாலும் சரி, சூளைக்குள் போய்த் திரும்பினால்தான் அது எங்களுக்குப் பொருள். தெளிவாக விழுந்திருந்த மூன்று தடங்களைச் சதுரமாக வெட்டி எடுத்தேன். நிழலில் உலர்த்தினேன். ஜாடிகளோடு சேர்த்துச் சூளையில் வைத்தேன். மூன்றும் ஒரு விரிசல் இல்லாமல் வெளியே வந்தன. வைக்கோல் சுற்றிப் பார்சல் அனுப்பிவிட்டு, இந்தத் தமிழ்நாட்டில் வேறு எவன் இப்படி அனுப்பியிருப்பான் என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

பதில் கார்டில் வரவில்லை. இன்லண்ட் கடிதத்தின் மூன்று பக்கமும் நெருக்கி எழுதியிருந்தார். அது நீர்நாய். நாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆற்றில் மீன் பிடித்துத் தின்று, கரையில் வளை வைத்து, குடும்பமாக வாழும் பிராணி. உங்கள் ஊரிலிருந்து இதுவரை யாரும் எழுதியதில்லை. தடத்தின் அளவை வைத்துப் பார்த்தால் இது முழுதாக வளராத குட்டி. குட்டி வருகிறதென்றால் தாய் பக்கத்தில் எங்கோ வளை வைத்திருக்கிறது. அந்தக் குட்டை சாதாரண இடம் அல்ல.

கடைசி வரியைச் சீவல் மேசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கம்மாபுரத்தம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

“நாம வூட்டுக்குப் போனப்புறம் இங்க ஒரு குடும்பம் இருக்குது. நமக்குத் தெரியலியே.”

அந்தக் கடிதம் வந்த நேரம் நல்ல நேரம். முதலாளி பள்ளத்தை உடைசல் கொட்டி மூடிவிட்டு, அங்கே சாமான் காயவைக்க ஒரு ஷெட் போடுவதாக இருந்தார். நான் கடிதத்தைக் காட்டினேன். அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருந்தாள். குட்டி என்ற சொல்லிலேயே அவர் முகம் மாறிவிட்டது.

“குட்டி போடற எடமா? அதுல போயி ஒடசலக் கொட்டறது நல்லா இருக்காதுப்பா. ஷெட்ட வடக்கால பாத்துக்கலாம், போ.”

அடுத்த தாளின் முதல் பக்கத்திலேயே ‘விருத்தாசலத்தில் குட்டியோடு நீர்நாய்’ என்று வந்தது. டீக்கடைச் சுவருக்குக் கூட்டம் கூடிவிட்டது. கரும்பு ஏற்றிக்கொண்டு பெண்ணாடம் ஆலைக்குப் போகும் டிராக்டர்காரர் ஒருவர், “இது ஆத்து நாயி தானே? வெள்ளாத்துப் பாலத்துக்கிட்ட நாலு ஒண்ணா நீஞ்சிப் போவுறத நான் பாத்திருக்கேன்” என்றார். நாள், நேரம், எந்தப் பக்கம் நீந்தின என்று கேட்டு அவர் பேரில் ஒரு கார்டு போட்டேன். எங்கள் மாவட்டத்து மங்களூர்க்காரர் ஒருவர் தங்கள் காட்டில் புலி வருவதாகச் சொன்னார். பார்த்தீர்களா, நினைத்தீர்களா என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, “நெனச்சேன்தான்” என்றார். அவருக்கு நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இவ்வளவு பெருமையும் ஆடி மாதம் ஒரு பென்சில் நுனியில் உடைந்தது. பெரிய ஜாடிக்குப் புது ஆர்டர். வாய் ஏழு அங்குலம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மோல்டு வேலைக்கு வருகிறவன் முதலில் கற்கும் கணக்கு இதுதான்: எங்கள் மண் உலர்ந்து சுட்டு வெளியே வருவதற்குள் எட்டில் ஒரு பங்கு சுருங்கிவிடும். ஏழு வேண்டுமென்றால் பச்சையில் எட்டு வைக்க வேண்டும். சுடாததை நாங்கள் பச்சை என்போம். ஏழுக்கு எட்டு என்று தாளில் கோடு போட்டேன். பென்சில் அங்கேயே நின்றது.

நான் அனுப்பினது சுட்ட தடம். எட்டில் ஒரு பங்கு சுருங்கின தடம். பெரிய பிராணியின் காலை என் சூளை குட்டியின் காலாக்கிவிட்டது. வெட்டுவதற்கு முன் அளவெடுத்தேனா என்றால் அதுவும் இல்லை. விஞ்ஞானி படித்தவர், ஆனால் சூளை தெரியாதவர். நான் சூளையிலேயே வளர்ந்தவன். முதலாளி முதல் டீக்கடைக்காரர் வரை இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லும் கணக்கு இது. இத்தனை பேர் படித்த சுவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் எங்களுக்குச் சுட்டதுதான் நிஜ அளவு.

இரண்டு நாள் மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டேன். சொன்னால் குட்டி இல்லை. குட்டி இல்லையென்றால் பள்ளம் இல்லை, அதில் இருப்பவை எதுவும் இல்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மூன்றாம் நாள் பொறுக்காமல் கம்மாபுரத்தம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் கேட்டேன். அவர் கையிலிருந்த ஜாடியைச் சீவி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“நெலக்கரி சொரங்கத்துக்கு எங்க ஊரு ஏரிய எடுத்தாங்க. அதுல என்னா இருந்துச்சுன்னு கேட்டாங்க. ஆயிரம் கொக்கு இருந்துச்சுன்னு சில பேரு சொன்னாங்க, ஒண்ணுமே இல்லன்னு சில பேரு சொன்னாங்க. ரெண்டுமே நெனச்சது. பாத்து எழுதி வெச்ச ஒரு கடுதாசி கெடையாது. இங்க ஒண்ணு இருக்குதேன்னு நெனச்சேன். அதுவும் பொய்யா இருந்தா, இருந்து என்னாங்க?”

அன்றைக்கே விஞ்ஞானிக்கு எழுதினேன். சுருக்கக் கணக்கை விளக்கி, கடைசியில் மன்னிப்பும் கேட்டேன். பிறகு முதலாளியிடம் போனேன். அவர் பாதியிலேயே புரிந்துகொண்டார்.

“சுட்டதுலயா அளவு எடுத்தீங்க ரெண்டு பேரும்?” என்று இருமல் வருகிறவரை சிரித்தார். சிரிப்பு நின்றதும், “அப்ப குட்டி இல்ல” என்றார்.

“இருக்குதுன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாதுங்க.”

“வடக்கால ஷெட்டு போட்டா லோடு ஏத்த எடம் பத்தாது. ஒன் பேச்சக் கேட்டுத்தான் ஒத்துக்கினேன். ஆயுத பூஜ வரைக்கும் பாரு. குட்டி இருந்தா எனக்குக் காட்டு. இல்லன்னா பூஜைக்கு மறுநாளு டிராக்டரு வரும். அப்ப வந்து எங்கிட்ட நிக்கக் கூடாது.”

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் மேலேயே இருந்த கோபம் வேறு யாருக்கும் மிச்சம் வைக்கவில்லை.

விஞ்ஞானியின் பதிலைப் பிரிக்கக் கை கூசியது. அவர் திட்டவில்லை. ‘பிழையில் எனக்கும் பங்கு உண்டு, எப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். இதுவரை எனக்கு வந்த கடிதங்களில் இதைத்தான் பெரிதாக மதிக்கிறேன். இனிமேல் வெட்ட வேண்டாம், சுட வேண்டாம். தடம் கிடக்கிற இடத்திலேயே, ஈரம் போவதற்குள் அளவெடுங்கள்’ என்று எழுதியிருந்தார். அடுத்த தாளில் ‘திருத்தம்’ என்று போட்டு வந்தது. அதையும் நானே கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டினேன். ஒரு மாதத்துக்கு டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. சூளையில் வைத்தால் நான் யானையையும் பூனையாக்கிவிடுவேன் என்றார்கள். என் மனைவி மட்டும், இரண்டு நாள் சூளையில் இருந்து பார்த்தால் உங்கள் கோபமும் சுருங்கும் என்றாள்.

கிடக்கிற இடத்திலேயே அளவெடுக்க வேண்டுமென்றால் தடம் விழ நல்ல இடம் வேண்டும். குட்டைக் கரை முழுக்கக் கோரையும் ஓட்டாஞ்சில்லும். வழி கண்டுபிடித்தது கம்மாபுரத்தம்மாதான். தொட்டிகளைக் கழுவும்போது அடியில் தங்கும் வண்டல் குழம்பைத் தினமும் கொட்டிவிடுவோம். அதைக் கரையில் ஊற்றி, வாசல் மெழுகுகிற மாதிரி மெழுகிவிடலாம் என்றார். வாய்க்கால் வந்து சேரும் மூலையில், இரண்டு பாய் விரிக்கும் அளவுக்கு, சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும் முன் அவர் மெழுகிவிடுவார். காலையில் மணி அடிக்கும் முன் நாங்கள் வந்து படிப்போம்.

படித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் நாள் காலை அந்த வெள்ளைப் பரப்பின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் மண் கண்ணுக்குத் தெரியாத பொடியாக அரைத்த மண், அதில் எதுவும் தப்பாது. நாமக்கோழியின் நீள விரல்கள், கீரியின் அவசரம், நண்டு பக்கவாட்டில் போன வரிசை, தேரை உட்கார்ந்து எழுந்த இடம். ஒரு பாம்பு இந்த ஓரத்தில் ஏறி அந்த ஓரத்தில் இறங்கியிருந்தது, அதன் வயிற்றுச் செதில்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக. ஒரு வண்டு போன வழி, சேலைக்கு ஓரம் அடித்த தையல் மாதிரி இருந்தது. நாங்கள் பகலெல்லாம் ஜாடி செய்துவிட்டுப் போன பின், இத்தனை பேர் இதே மண்ணில் வந்து போயிருக்கிறார்கள். எத்தனை வருஷமாகப் போகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? இதே இடத்தில்தான் நான் தினமும் வெற்றிலை துப்பியிருக்கிறேன். நினைக்கவே வெட்கமாக இருந்தது.

எல்லாவற்றையும் ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்து எழுதினேன். ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் ‘பச்சை’ என்று போட்டேன். கார்டு போதாமல் இன்லண்ட் கடிதத்துக்கு மாறினேன். தெரியாததற்கெல்லாம் அவரிடமிருந்து பேர் வந்தது. அவருக்கும் தெரியாதவை சில இருந்தன. ‘இது எனக்கும் புதிது, மறுபடி வந்தால் எழுதுங்கள்’ என்று ஒரு தடவை எழுதினார். படித்தவர் ஒருவர் தெரியாது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் களத்துக்குப் போகும் முன் கரையை எட்டிப் பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். சூளைக்காரர் முதலாவதாக வந்துவிட்டால், யாரும் மிதித்துவிடாமல் நாங்கள் வருகிறவரை காவல் நிற்பார்.

நீர்நாய் இரண்டு தடவை வந்தது. இரண்டும் பெரிய தடம். ஓடிப்போய் அளந்தேன், பச்சையில், விஞ்ஞானி கடிதத்தில் குறித்திருந்த சுட்ட அளவை ஏழுக்கு எட்டென்று திருப்பிப் போட்டால் வரும் அதே அளவு. ஆக, தையில் வந்ததும் பெரியதுதான். குட்டி வரவே இல்லை. புரட்டாசி பாதி போய்விட்டது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாளே சூளையை அணைத்தாயிற்று. மண் அரைக்கும் மெஷினுக்கும், தராசுக்கும், என் ஸ்டீல் ஸ்கேலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். கம்மாபுரத்தம்மா, கரை மெழுகும் மட்டப்பலகையைக் கழுவிக் கொண்டுவந்து வரிசையில் வைத்து அதற்கும் பொட்டு இட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பொரி கடலை வாங்கிக்கொண்டு மற்றவர்கள் கிளம்பிய பிறகு, கடைசித் தடவையாக அவர் கரையை மெழுகினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் தண்ணியாக, தண்ணீர் விளிம்பு வரைக்கும். நான் குழம்பு வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாளைக்கு இந்த இடத்தில் டிராக்டர் நிற்கும்.

மறுநாள் காலை போனபோது டிராக்டர் ஏற்கெனவே வந்திருந்தது. டிரெய்லர் நிறைய உடைந்த ஜாடி. டிரைவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். கரையைப் பார்த்தேன். மெழுகினது முழுக்கப் பாழ். மேலிருந்து தண்ணீர் வரைக்கும் யாரோ மூட்டையை இழுத்துக்கொண்டு போனதுபோல அகலம் அகலமாக வழிப்புகள். ஒன்றல்ல, ஏழெட்டு. டிரைவர்தான் இறங்கி நடந்திருக்கிறார் என்று எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கடைசி நாள் பார்க்கக்கூட விடவில்லையே என்று அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். அந்த மனிதர் திகைத்துப்போய், “நா வண்டிய வுட்டே எறங்கலீங்க” என்றார்.

“அவர ஏன் திட்டுறீங்க?” என்று கரையிலிருந்து குரல் வந்தது. கம்மாபுரத்தம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். “இங்க வாங்க. மெதுவா வாங்க.”

வழிப்புகளின் ஓரத்தில் தடங்கள் இருந்தன. மேல்நோக்கி ஏறின தடங்கள். பெரியது ஒன்று, எனக்குத் தெரிந்தது. அதைச் சுற்றி, அதன்மேலும் கீழும், எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி ஒற்றினதுபோலச் சின்னச் சின்னதாக, ஐந்து விரலோடு, தோலோடு. ஏறி வந்து, வழுக்கும் மண்ணில் வயிற்றை வைத்துச் சறுக்கி, தண்ணீரில் விழுந்து, மறுபடி ஏறியிருக்கின்றன. அவர் மெழுகிவிட்ட கரையில் விளையாடியிருக்கின்றன. வழிப்பின் மேல் முகத்தை வைத்துப் பார்த்தேன். வயிற்று மயிர் இழுத்துப் போன கோடுகள்கூட மண்ணில் இருந்தன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை நான் மறைக்கவும் இல்லை.

ஸ்கேலை எடுத்தேன். மூன்று தடவை அளந்தேன். ஒன்றரை அங்குலம். இன்னொன்று, அதைவிடக் கொஞ்சம் கம்மி. எத்தனை குட்டி என்று எண்ண முடியவில்லை. இரண்டுக்குக் குறையாது என்று மட்டும் எழுதினேன்.

முதலாளி நெற்றியில் சந்தனத்தோடு வந்து பின்னால் நின்றார். நோட்டை வாங்கிப் பார்த்தார்.

“இது சுட்ட அளவா, பச்சையா?”

“பச்சைங்க.”

அவர் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். என் கையிலிருந்து ஸ்கேலை வாங்கி, சின்னத் தடம் ஒன்றின்மேல் படாமல் பிடித்து, தானே அளந்தார். வீட்டில் மூன்று மாதப் பேரன் இருந்தான். தடத்தைத் தொடப் போனவர், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். எழுந்து டிரைவரைப் பார்த்து, “வண்டியத் திருப்புப்பா, வடக்கால போயி கொட்டு” என்றார். என்னிடம், “இதையும் வெட்டி சூளையில வெச்சிடாத” என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. கோணி கொண்டுவந்து மூடலாமா என்று சூளைக்காரர் கேட்டார். வேண்டாமென்றேன். வெள்ளை மண் கரைந்து பால்போல வாய்க்கால் பக்கம் ஓடுவதை நனைந்துகொண்டே பார்த்தோம். அந்தக் குட்டை அதற்குப் பிறகும் வெகுநாள் இருந்தது. நாங்களும் வெகுநாள் மெழுகினோம். ஆனால் அந்தப் பிராணியை நான் இன்றுவரை நேரில் கண்டதில்லை. கண்டேன் என்று எங்கேயும் எழுதவும் இல்லை.

மழை விட்டதும் சீவல் மேசைக்குப் போய், விஞ்ஞானிக்குக் கார்டு எழுத உட்கார்ந்தேன். கம்மாபுரத்தம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

“எழுதாத கார்டு இன்னொண்ணு இருக்குதுங்களா?”

“இருக்குது. யாருக்குங்க?”

“அந்த சாருக்குத்தான். ஏரிதான் போயிடுச்சு. எங்க வூட்டுக்குப் பின்னால குட்டை ஒண்ணு இன்னும் இருக்குது. அதையும் எடுக்கப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க.”

கார்டையும் பேனாவையும் கொடுத்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, மேல் ஓரத்தில் தன் ஊர்ப் பேரை எழுதினார். பிறகு, அன்று காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அந்தக் குட்டையில் பார்த்ததை எழுத ஆரம்பித்தார்.